மூன்று ஊசி மகிமை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மேசை நாற்காலிக் கடையின் மாடியில், நாற்பது பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. யாரும் சாகவும் இல்லை. ஒரு சிடி பிளேயரைக் கேட்க வந்திருக்கிறார்கள்.

சும்மா வந்து கேட்டுவிட்டுப் போக முடியாது. செருப்புக் காலோடு நடந்தால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் தட்டு அதிரும், தட்டு அதிர்ந்தால் பாடுகிறவரின் குரல் கரகரக்கும். கைப்பேசியை அணைத்தால் போதாது, கீழே கடையில் ஒரு மரப்பெட்டிக்குள் போட்டுவிட்டு வர வேண்டும். இருமல் வந்தால் மாடிப்படி இறங்கி இருமிவிட்டு வர வேண்டும். போன மாதம் இருமப் போன ஒருவர் இன்னும் திரும்பி வரவில்லை. அவருக்குக் கூச்சம் என்று சொன்னார்கள். புத்தி வந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தச் சபைக்குத் தலைவர் பொற்செவியார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பத்தடி தூரத்தில் ஒரு கம்பியைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி வைத்தால் பாட்டில் வரும் மாற்றத்தைக் கேட்டுச் சொல்வார் என்பதால் இந்தப் பட்டம். சாம்பல் நிறச் சட்டை. பேசுவதற்கு முன்னால் கண்ணை மூடுவார். மூடிய கண்ணோடு நாற்பது பேரின் பையையும் எடை போட்டுவிடுவார்.

அவருடைய மூலதனம் ஒரே ஒரு சொல். சில சிடி பிளேயர்களின் முதுகில் வழக்கமான சிவப்பு, வெள்ளை ஓட்டைகளோடு, மூன்று ஊசி வைத்த வட்டமான வெளிவாய் இரண்டு இருக்கும். அதற்கு பேலன்ஸ்டு அவுட்புட் என்று பெயர். நீளமான கம்பியில் இரைச்சல் ஒட்டாமல் இருக்க மேடைக் கச்சேரிக்காரர்கள் பயன்படுத்துவது. பாவம், அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பொற்செவியார் அதைத் தமிழில் 'சமநிலை' என்றார். சொன்னாரோ இல்லையோ, கதையே மாறிவிட்டது. கம்பி விஷயமாக இருந்தது குடும்ப விஷயம் ஆகிவிட்டது.

"உங்க பிளேயர்ல பின்னாடி என்ன இருக்கு?" என்று கேட்பார்.

"சிவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணுங்க ஐயா."

"சமநிலை இல்லாதது. எத்தனை வருஷமா?"

"பதினஞ்சு வருஷமா."

"வீட்ல நிம்மதி இருக்கா?"

"இல்லீங்க ஐயா."

"எப்படி இருக்கும்!"

நாற்பது தலையும் ஆடும். வீட்டில் நிம்மதி இருக்கிறவன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேசை நாற்காலிக் கடை மாடிக்கு ஏன் வருகிறான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவன். வண்டி வந்ததா, வரவில்லையா? இதற்கு எனக்கு நம்பிக்கை வேண்டாம், கடிகாரம் போதும். எனக்கு இந்த மாடியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மச்சான் அங்கே மாட்டிக்கொண்டார். அதுதான் வேலை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பெரிய இயந்திரத்தோடு நின்றவர். காகிதத்தை விரலால் தடவியே அதன் கனத்தைச் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்தது பாட்டு ஒன்றுதான். அந்தப் பாட்டுதான் ஒரு வருஷமாக மங்கிக்கொண்டே வந்தது. "குரல்ல தெளிவே இல்ல மாப்ளே. ஜால்ரா சத்தம் காணாமப் போச்சு. பிளேயர் தேய்ஞ்சிடுச்சு," என்றார். தேய்ந்தது பிளேயர் இல்லை என்று அவர் வீட்டில் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

வாசல் மணி அடித்தால் அவருக்குக் கேட்பதில்லை. தொலைபேசியை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று காது மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "லைன் சரியில்ல," என்பார். அவர் மனைவி பேசினால், "முணுமுணுக்காம பேசு," என்பார். அக்கா (அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) முதலில் உரக்கப் பேசிப் பார்த்தார். அப்புறம் கத்திப் பார்த்தார். அப்புறம் நிறுத்திவிட்டார்.

"ஆறு மாசமா அவர் என்கிட்ட பேசறது ஒரே வார்த்தைதான் தம்பி," என்றார் என்னிடம். "'என்ன?' அவ்வளவுதான். அந்த 'என்ன'வுக்கு ரெண்டு தடவை பதில் சொல்லுவேன். மூணாவது தடவை, ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவேன். இப்ப எடுத்த எடுப்பிலேயே ஒண்ணுமில்லதான்."

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே வீட்டில் ஊமைகளாகிக்கொண்டிருந்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், என் மனைவியின் வேலையே காதைப் பரிசோதிப்பதுதான். மருத்துவமனையில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். "கேட்டா அழுத்துங்க. கேக்கலேன்னா சும்மா இருங்க." ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வாள். "முதல் பாதி எல்லாருக்கும் வரும். சும்மா இருக்கறதுதான் ஒருத்தருக்கும் வராது," என்பாள் வீட்டுக்கு வந்து. "நான் ஒரு சத்தமும் அனுப்பியிருக்க மாட்டேன். ஆனாலும் அழுத்துவாங்க. பரீட்சையில ஃபெயிலாயிடுவோமோன்னு பயம்."

அண்ணனை ஐந்து தடவை கூப்பிட்டுவிட்டாள். "என் காதுக்கு என்ன கேடு? பிளேயரைப் பார்," என்று சொல்லிவிட்டார் அவர்.

பிளேயரைப் பார்க்கப் போன இடம்தான் இந்த மாடி. நாலே வாரத்தில் ஆள் மாறிவிட்டார். தட்டின் ஓரத்தில் பச்சை மை தடவினால் ஒளி சிதறாது என்று பொற்செவியார் சொன்னார். இருநூற்று நாற்பது தட்டுக்கும் உட்கார்ந்து மை தடவினார். ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பாட்டின் இறுக்கம் தளரும் என்றார்; அக்கா பட்டாணி எடுக்கக் கையை விட்டால் சிடி வந்தது. கடைசியாகத் தீர்ப்பு வந்தது: சமநிலை பிளேயர் வாங்க வேண்டும். எந்த மாடல் என்பதை வீட்டுச் சுவரின் அளவைக் கேட்டு, கண்ணை மூடி, பொற்செவியாரே தேர்ந்தெடுத்தார். பதினொரு மாடலில் விலை அதிகமானதைத்தான் மச்சானின் சுவர் விரும்பியதாம். சுவருக்கும் எவ்வளவு உயர்ந்த ரசனை பாருங்கள்.

ஒரே ஒரு சிக்கல். மச்சான் வீட்டு ஆம்ப்ளிபையரில் மூன்று ஊசி நுழைய இடமே இல்லை. அதற்கும் மருந்து இருந்தது. மூன்று ஊசியை வாங்கி ஒற்றை ஊசியாக மாற்றித் தரும் ஒரு செருகி, தனி விலை.

"மூணை ஒண்ணாக்கறதுக்கு, முதல்ல எதுக்கு மூணு?" என்றாள் என் மனைவி.

"உனக்குப் புரியாது பாப்பா. இது சமநிலை," என்றார் மச்சான்.

அக்கா ஒரே வரியில் முடித்தார்: "அந்தப் பெட்டி இந்த வாசப்படி ஏறினா, நான் மக வீட்டுக்குப் போயிடுவேன்." மச்சான், "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல," என்றார் அக்கா. நிஜமாகவே துணிப்பையை எடுத்து வெளியே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிளேயரை வாங்கிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. "நீங்களே வந்து கேட்டுப் பாருங்க. அப்புறம் பேசுங்க," என்று எங்கள் இரண்டு பேரையும் மச்சான் இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு நாற்காலி இருந்தது. எங்களுக்கு இல்லை. சுவரோரம் நின்றோம்.

முன்வரிசை நடு நாற்காலியில் ஒரு பல் டாக்டர். அந்த நாற்காலியில்தான் பாட்டு சரியாக வந்து இறங்குமாம்; அதற்காக ஒரு மணிக்கே வந்துவிடுவாராம். எதிரே இரண்டு பிளேயர், இரண்டிலும் ஒரே தட்டு, ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஆம்ப்ளிபையர். அதன் குமிழை இந்தப் பக்கம் திருப்பினால் சாதா பிளேயர், அந்தப் பக்கம் திருப்பினால் சமநிலை பிளேயர்.

"முதலில் சாதா," என்றார் பொற்செவியார். ஒரு பெண் குரல் பாடியது. நன்றாகத்தான் பாடியது. "தட்டை. தூசி. துக்கம்," என்றார் அவர். குமிழைத் திருப்பினார். "இப்போது... சமநிலை."

என்னத்தைச் சொல்ல! பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. குரல் முன்னால் வந்தது. மிருதங்கம் நெஞ்சில் வந்து இடித்தது. நாற்பது பேரும் 'ஆ' என்றார்கள். மச்சானின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சரி, போகட்டும், வாங்கிக்கொள்ளட்டும் என்று எனக்குள்ளேயே ஒரு பாழாய்ப்போன குரல் சொன்னது.

என் மனைவி பாட்டைக் கேட்கவே இல்லை. கைப்பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைகளில் இரைச்சலை அளக்கப் போகும்போது கொண்டுபோவாளே, அது.

"ஐயா, முதல் பெட்டி எழுபத்தொண்ணு டெசிபெல் காட்டுது. ரெண்டாவது எண்பது. ரெண்டாவது ரொம்பச் சத்தமா பாடுது, அவ்வளவுதானே?"

பொற்செவியார் கண்ணை மூடினார். "அம்மா, இசை ஆன்மா சம்பந்தப்பட்டது. அதை அளக்க மீட்டர் கிடையாது."

"அதையேதான் நானும் சொல்றேன். மீட்டர் வேணாம், காதே போதும். ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்துட்டு, திரை போட்டு மறைச்சுட்டு, எது எதுன்னு எல்லாரும் சொல்லட்டும். நான் பதினேழு வருஷமா காது பாக்கறவ. பொற்காது ஒண்ணைக்கூடப் பாத்ததில்ல. இன்னிக்குப் பாத்துடறேன்."

பொற்செவியார் மறுத்திருப்பார். மறுக்க விடவில்லை, அவருடைய பக்தர்களே. "காட்டிடுங்க ஐயா!" என்றார் ஒருவர். "இந்த அம்மாவுக்கு ஒரு பாடம் புகட்டுங்க!" என்றார் இன்னொருவர். பக்தர்களிடம் இது ஒரு ஆபத்து. சில சமயம் நிஜமாகவே நம்பித் தொலைத்துவிடுகிறார்கள்.

ஜன்னல் திரையைக் கழற்றிப் பெட்டிகளுக்கு முன்னால் கட்டினோம். குமிழைத் திருப்ப நான் உள்ளே போனேன். நான் களவாணித்தனம் செய்யாமல் பார்த்துக்கொள்ள பல் டாக்டர் கூட வந்தார். அவருடைய நடு நாற்காலியில் பொற்செவியார் உட்கார்ந்தார்.

அந்த ஆம்ப்ளிபையரில் கம்பி நுழையும் ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. என் மனைவி அந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். சாதா வாசலுக்கு நேரே சைபர். மூன்று ஊசி வாசலுக்கு நேரே கூட்டல் மூன்று.

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். "இது என்ன மூணு?"

"மூணு ஊசி பிளேயர் இயல்பாவே ஆறு டெசிபெல் கூடுதல் சத்தமா வரும், டாக்டர். அது அதோட சுபாவம், தப்பில்ல. ஆறு போதாதுன்னு மேல மூணை யாரோ கையால கூட்டியிருக்காங்க."

"யாரு?"

"இந்தப் பெட்டியை யார் தொடுவாங்க?"

பல் டாக்டர் திரைக்கு வெளியே, தன் நடு நாற்காலியை எட்டிப் பார்த்தார். இரண்டையும் எழுபத்தொன்றில் நிறுத்திவிட்டு என் மனைவி வெளியே போனாள். போகும்போது எங்கள் காதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அது என்னவென்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஆளுக்கொரு சீட்டு. மொத்தம் பத்துச் சுற்று. நான் உள்ளேயிருந்து எண்ணைச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் பாட்டு ஓடும். சாதாவா, சமநிலையா என்று எழுத வேண்டும். "தெரிஞ்சா எழுதுங்க. தெரியலேன்னா தெரியலன்னு எழுதுங்க," என்று வெளியே அவள் குரல் கேட்டது.

முதல் ஆறு சுற்றுக்கு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் சாதா, பூ விழுந்தால் சமநிலை என்று மாற்றினேன். பல் டாக்டர் குறித்துக்கொண்டார். வெளியே பேனா கீறும் சத்தமும், ரசித்துத் தொண்டைக்குள் 'ம்ம்' போடும் சத்தமும் கேட்டன. பொற்செவியாரின் 'ம்ம்' தனியாகத் தெரிந்தது. பத்தாவது சுற்று முடிந்ததும் சீட்டுகளை வாங்கி எண்ணினோம்.

நாற்பது நாற்காலி. பின்வரிசையில் ஒருவர் தூங்கிவிட்டார். இன்னொரு சீட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். மீதி முப்பத்தெட்டு சீட்டு, ஆறு சுற்று, இருநூற்று இருபத்தெட்டு விடை. சரியானவை நூற்றுப் பன்னிரண்டு. கேட்காமலே நாணயத்தைச் சுண்டி எழுதியிருந்தால் நூற்றுப் பதினான்கு வந்திருக்கும். நாற்பது பேரின் ரசனையை ஒரு சில்லறைக் காசு இரண்டு மதிப்பெண்ணில் தோற்கடித்துவிட்டது.

"அவசரப்படுத்தினால் மனம் கலங்கும்," என்றார் பொற்செவியார். "பின்பகுதியில்தான் செவி திறந்தது. கடைசி நான்கைப் பாருங்கள்."

"பாத்துடுவோமே," என்றாள் என் மனைவி. அவருடைய சீட்டை எடுத்து உரக்கப் படித்தாள். "ஏழு: சமநிலை. குரல் மிதக்கிறது. எட்டு: சாதா. தூசி. ஒன்பது: சமநிலை. கதவு திறந்தது. பத்து: சமநிலை. பேரமைதி."

"ஆஹா," என்றார் ஒரு பக்தர்.

"டாக்டர், வெளியே வாங்க."

பல் டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் தடிமனான மூன்று ஊசிக் கம்பி. பிடுங்கிய பல்லை நோயாளியிடம் காட்டுவதுபோல் உயர்த்திக் காட்டினார்.

"ஏழாவது சுற்று ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இதைப் பிடுங்கிட்டேன்," என்றார். "அதுலருந்து இது என் மடியிலதான் இருக்கு. குமிழை இவர் சாதாவில வெச்சதோட சரி, அப்புறம் தொடவே இல்ல. நாலும் சாதா."

அவள் எங்கள் காதில் சொன்ன வார்த்தை அதுதான். மருத்துவமனை அறையில் அவள் அனுப்பாத சத்தத்துக்குப் பொத்தானை அழுத்துவார்களே, அதே பரீட்சை. முப்பத்தெட்டு பேரும் அழுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது டாக்டரின் மடியிலிருந்த கம்பியில் பாட்டுக் கேட்டிருந்தார்கள். பொற்செவியார் மூன்று தடவை கேட்டு, கதவையும் திறந்துவிட்டார்.

"அந்தக் கூட்டல் மூணையும் சொல்லிடறேன்," என்று டாக்டர் அதையும் போட்டு உடைத்தார். நடு நாற்காலிக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாரோ, அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது. பொற்செவியார் கண்ணை மூடினார். இந்த முறை திறக்கவில்லை. திறந்தால் நாற்பது பேர் தெரிவார்களே!

கூச்சல், குழப்பம். அதன் நடுவில் என் மனைவி ஒதுக்கி வைத்த அந்த ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் எட்டிப் பார்த்தேன். பத்து வரியிலும் ஒரே வார்த்தை. தெரியல. தெரியல. தெரியல. அச்சகத்துக்காரரின் திருத்தமான கையெழுத்து.

"அண்ணே," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னாள். "அண்ணே, இங்க நிஜத்தை எழுதின ஒரே ஆள் நீதான்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு பாப்பா." தலை குனிந்திருந்தது. "அவர் போடும்போது வார்த்தை கேட்டுச்சு. நீ போட்டப்ப கேக்கல. எனக்கு வார்த்தை கேக்கணும், அவ்வளவுதான். பிளேயர்ல இருக்குன்னு நெனச்சேன்." அப்புறம் சொன்னார்: "பிளேயர்ல இருந்தா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன்."

நாற்பது பேர் நடுவில் அந்த வித்தியாசம் உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரே மனிதர் இவர். மங்கிப்போன காதுக்கு ஒன்பது டெசிபெல் சத்தம் கூடினால் கேட்காமல் என்ன செய்யும்? அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைத்தான் அந்தக் களவாணி கூட்டல் மூன்று போட்டு விலை பேசியிருக்கிறான்.

திங்கட்கிழமை காலை மச்சான் தங்கையின் பஞ்சு அறைக்குள் போய் உட்கார்ந்தார். கேட்டபோது அழுத்தினார். கேட்காதபோது சும்மா இருந்தார். பதினேழு வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காகச் சும்மா இருந்த ஆளைப் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொன்னாள்.

மூன்று வாரத்தில் இரண்டு காதிலும் பட்டாணி அளவில் கருவி வந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவர், நடு அறையில் அப்படியே நின்றார். அடுக்களையில் அக்கா பாத்திரம் விளக்கியபடி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். மச்சான் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, இவ முணுமுணுக்கறான்னு சொன்னேனே, யாராவது நம்பினீங்களா? கேளுங்க! என்னைத்தான் திட்டிக்கிட்டிருக்கா!"

அக்கா கையைக் கழுவாமலே வெளியே வந்தார். "என்ன சொன்னேன்னு கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு."

"அப்ப சொல்லுங்க பாப்போம்."

மச்சான் அட்சரம் விடாமல் ஒப்பித்தார். நான் அதை இங்கே எழுத முடியாது. அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அந்தத் துணிப்பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

பழைய பிளேயர் அங்கேயேதான் இருக்கிறது, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்றோடு. பச்சை ஓரத் தட்டுகள் அதில் ஜோராகப் பாடுகின்றன. ஜால்ராவும் வந்துவிட்டது.

பொற்செவியார் என்ன ஆனார் என்கிறீர்களா? ஊரின் மறுகோடியில், மெத்தைக் கடை மாடியில், இப்போது சுவரில் செருகும் மின்கம்பிக்குச் சமநிலை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அங்கே அறுபது நாற்காலி. முன்வரிசைக்கு அடிதடி.

அங்கே உங்களுக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் போய் உட்காருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மனைவி ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கேட்டால் அழுத்துங்கள். கேட்கவில்லை என்றால் சும்மா இருங்கள். பக்கத்து நாற்காலிக்காரன் அழுத்துகிறானே என்று நீங்களும் அழுத்தினால், உங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய இடம் காது இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே.